நோயுற்றோர் பட்டியலில் டெஸ்ஸா

மின்னசோட்டாவின் வடக்கே ஒரு லுத்தரன் சபை. அதன் ஞாயிறு இதழில், இடுப்பு அறுவைக்கும் இருதய அடைப்புக்கும் நடுவே டெஸ்ஸா லிண்ட்குவிஸ்டின் பெயர் அச்சாகியிருந்தது. டெஸ்ஸாவுக்கு நோய் எதுவும் இல்லை. பள்ளியில் கடைசி வருடம். இன்ஜினியரிங்கில் எந்தப் பிரிவு என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான். அம்மா மார்னி அதற்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டாள். ஜெபிக்க வேண்டியவர்களுக்கு இதழில் இருந்த ஒரே தலைப்பு 'நோயுற்றோர்'.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி. சபையார் ஒவ்வொருவராக வந்து அவள் தோளைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"எப்படிம்மா இருக்க? சாப்பாடு இறங்குதா?" என்றாள் சபை மூதாட்டி ஆர்டிஸ். "நாளைக்கு கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு ஹாட்டிஷ் சுட்டுக் கொண்டாரேன்."

சாப்பாடு உண்மையிலேயே இறங்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று மாலைதான் கெடு. மெக்கானிக்கல் என்று குறித்தால் போட்டி கடுமை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். 'தீர்மானிக்கவில்லை' என்று குறித்தால் உள்ளே நுழைவது எளிது. ஆனால் முதல் வருட மதிப்பெண்ணோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், கேட்ட பிரிவு கிடைக்காமலும் போகலாம். வெளியே விழுவதா, உள்ளே போய் விழுவதா என்பதுதான் கேள்வி.

"மெக்கானிக்கல் போடு," என்றார், மார்னியிடம் விஷயத்தைக் கேட்டறிந்த வெர்ன், லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். "என் தங்கச்சி மகன் தீர்மானிக்கலன்னுதான் போட்டான். இப்ப என்ன ஆனான் தெரியுமா?" அவர் காபியைக் கீழே வைத்தார். "மார்க்கெட்டிங்."

சுற்றி நின்றவர்கள் தலை குனிந்தார்கள்.

பாஸ்டர் கிரெக் உற்சாகமாக வந்தார். "அடுத்த வாரம் நன்றி ஜெபம் வச்சிரலாம். எந்தப் பிரிவுன்னு சொல்லு, அறிவிக்கணும்."

கோப்பைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. மெக்கானிக்கல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதில் நாளெல்லாம் என்ன செய்வார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியல," என்றாள்.

மார்னி கேக்கை வெட்டப் போனாள், ஏற்கெனவே வெட்டிய கேக்கை.

டெஸ்ஸா வெளியே வந்து, அப்பா கேரியின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, செல்போனில் 'தீர்மானிக்கவில்லை' என்பதைத் தொட்டு அனுப்பினாள். பின்னாலேயே வந்த கேரி, வீடுகளுக்கு ஹீட்டர் பழுதுபார்ப்பவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"முதல் வருஷம் மார்க் கொறஞ்சிட்டா?"

"அப்ப பயப்படுவேன்."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும்தான்ப்பா."

"எனக்கும்தான்," என்று கேரி வண்டியைக் கிளப்பினார்.