ஷிஃப்ட் அழுத்தி அழித்தது

ஃபைல் ஏதாவது தவறி அழிந்துவிட்டால் முதல் வேலை, கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுப்பது என்பார் அப்பா. பதற்றத்தில் அதையும் இதையும் திறந்து தேடுகிறவர்கள்தான் மிச்சம் இருப்பதையும் கெடுத்துக்கொள்வார்கள். அழித்த ஃபைல் உடனே எங்கும் போய்விடுவதில்லை, வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். இதை அவர் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. நான் ஐந்தாவது படித்த வருடம் எங்கள் வீட்டிலேயே சொல்லவேண்டி வந்தது.

அப்பா தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று பார்த்தார்களாம், அப்பா அதன் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளிலிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையிலேயே ஒன்றைக் கட்டினார். அதன் பக்கவாட்டு மூடி ஒருநாளும் திருகப்பட்டதில்லை. அடுத்த வாரம் எப்படியும் திறக்கத்தானே போகிறோம் என்பார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பையிலிருந்து அப்பா வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொரு வயரிலும் ஒட்டி, எது எங்கே போகிறது என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய விதிகள் கம்ப்யூட்டரோடு நின்றதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது அதில் ஒன்று. ஒருமுறை குக்கர் விசில் அடிக்காமல் போய், அம்மா ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் சேர்த்து மாற்றிச் சரிசெய்துவிட்டாள். கோளாறு எதில் இருந்தது என்று இப்போது எப்படித் தெரியும் என்று கேட்டு, அப்பா பழைய வளையத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அன்று நாங்கள் சாப்பிட மிகவும் நேரமாயிற்று.

அந்த வருடம் அம்மாவுக்கு அயர்லாந்தில் வேலைக்கு வழி வந்தது. பாளையங்கோட்டையில் இருந்த சித்தியிடம் அவள் ஃபோனில் பேசுவதைக் கேட்டேன். "மூணு வருஷந்தானே, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிப்போயிரும்" என்றாள். மூன்று வருடத்தில் நான் எட்டாவது போய்விடுவேன் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டேன். அசல் சான்றிதழ்கள் முத்திரை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தன. அவை போகுமுன் அப்பா ஒரு நண்பரிடம் ஸ்கேனர் இரவல் வாங்கி, பதினொரு தாள்களையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் ஏற்றி வைத்தார். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை.

சனிக்கிழமை மதியம் அம்மா டியூட்டியில் இருந்தாள். அப்பா கீழ்வீட்டில் யாருடைய பிரிண்டரையோ பார்க்கப் போயிருந்தார். நான் கம்ப்யூட்டரைப் போட்டு அந்த ஃபோல்டரை அழித்தேன். சும்மா அழித்தால் அது குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும், ஷிஃப்ட் அழுத்தி அழித்தால் அதிலும் இருக்காது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவரே அப்பாதான். பிறகு இரண்டு கணக்குப் போட்டுவிட்டு, கீழே விளையாடப் போனேன்.

சாயங்காலம் அம்மா வந்து முகம் கழுவிக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். ஃபோல்டர் இல்லை. அப்பா வந்து எட்டிப் பார்த்தார். குப்பைத்தொட்டியைத் திறந்தார், காலியாக இருந்தது. அடுத்த நிமிடம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஏங்க, ஒழுங்கா ஆஃப் பண்ணணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க" என்றாள் அம்மா.

"இன்னைக்கு வேண்டாம். ஆஃப் ஆகும்போது அது என்னத்தையாவது எழுதும். நம்ம தாளு மேலயே எழுதிட்டா போச்சு."

"வேற காப்பி எங்க வச்சிருக்கீங்க?"

அப்பா கையிலிருந்த பிளக்கைத் தரையில் வைத்தார். முக்கியமான எதுவும் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவர், எங்கள் வீட்டுக்குக் காப்பி எடுக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார். யார் அழித்தது என்று அம்மா கேட்குமுன், "நாந்தான் தெரியாம கை பட்டு அழிச்சிருப்பேன்" என்றார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். கட்டிலில் போய் உட்கார்ந்து, இன்னும் அவிழ்க்காத யூனிஃபார்ம் இடுப்புப் பட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுநாள் அம்மா டியூட்டிக்குப் போனதும் அப்பா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, அம்மாவின் பழைய டிபன் பைக்குள் வைத்தார். "நீயும் வா" என்றார். ஆட்டோவில் வழியெல்லாம் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் டிபன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பையா, ஜரா தீரே" என்று, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் மட்டும் பேசினார்.

கரோல் பாக்கில் அவருடைய அலுவலக நண்பர் வீடு. நண்பர் கம்ப்யூட்டர் இருந்த அறையைக் காட்டி, டீ கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அப்பா எங்கள் டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். மீட்டெடுப்பதை அதே டிஸ்க்கில் எழுதக்கூடாது, வேறொன்றில்தான் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடி, அழிந்தவை வந்தன. ஆனால் பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்களாக, நூற்றுக்கணக்கில் வந்திருந்தன. நேற்று அழித்தது மட்டுமல்ல, எப்போதோ அழித்ததெல்லாம் சேர்ந்து வந்திருந்தது.

"நீ ஒண்ணொண்ணாத் திறந்து என்னதுன்னு சொல்லு, நான் எழுதுதேன்" என்று நோட்டை விரித்தார்.

நான் திறந்தேன். என் பிறந்தநாள் படம், பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக. சர்ச் கேரல் அறிவிப்பு. யாருக்கோ அடித்துக் கொடுத்த லீவ் லெட்டர். பிறகு அம்மாவின் மார்க் லிஸ்ட் ஒன்று, முழுதாக. அதைச் சொன்னேன். அதற்கடுத்து அவளுடைய அனுபவச் சான்றிதழ் வந்தது. அப்பா நோட்டில் குனிந்திருந்தார். "திறக்கல" என்றேன். அவர் எண்ணுக்கு எதிரே 'திறக்கல' என்று எழுதினார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு தமிழ்க் கடிதம் வந்தது. எனக்கு அப்போது தமிழ் படிப்பது சர்ச்சுப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். ஆனாலும் வாய்விட்டுப் படித்தேன். "நீ போ-க வேண்-டாம் என்-று நே-ரில் சொல்-ல எனக்கு வாய் வர-வில்-லை. மூன்-று வரு-டம் நான் இந்-த வீட்-டில்..."

அப்பா நோட்டை மூடிவிட்டு என் கைமேல் கைவைத்தார். ஆனால் கடிதத்தை மூடவில்லை.

"அம்மாவுக்கா எழுதுனீங்க?"

"ஆமா."

"குடுத்தீங்களா?"

"இல்ல. எழுதுன அன்னைக்கே அழிச்சிட்டேன்."

"ஏன்?"

மவுஸை உருட்டிக் கடிதத்தின் அடிவரை போனார். "முழுப் பக்கம் எழுதியிருக்கேன் பாரு. எல்லாம் என்னைப் பத்தியே இருக்கு. அவளைப் பத்தி ஒரு வரி இல்ல."

எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. அம்மா போவது எனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம் என்றால் இரண்டு பேர் ஆயிற்று. "அப்ப இதெல்லாம் விட்டுரலாம்ப்பா. வரலன்னு அம்மாட்ட சொல்லிரலாம். அச்சா?" என்றேன்.

"அடுத்தது திற" என்றார் அப்பா.

திறந்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம். அப்போதும் பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த முறை அவர் நோட்டைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபோது பத்துத் தாள்தான் சேர்ந்திருந்தது. அப்பா 'திறக்கல' என்று எழுதியவற்றை ஒவ்வொன்றாக மறுபடி தானே திறந்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தேன். அனுபவச் சான்றிதழ் திரை நிறைய வந்து நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'பதினொன்று' என்று எழுதினார். எல்லாவற்றையும் இரண்டு சிடியில் ஏற்றினார். கடிதத்தை ஏற்றவில்லை.

சாயங்காலம் அம்மா தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க கம்ப்யூட்டர்ப் பைத்தியத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம்" என்றாள். அப்பா சிரித்தார். அன்றே இருவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். அம்மா சொல்லச்சொல்ல அப்பா தட்டினார், பத்து வரிக்கு ஒருமுறை சேமித்தார். நான் அழித்ததை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. கை பட்டு அழித்ததற்காக அவள் அயர்லாந்திலிருந்துகூட அவரைச் சொல்லிக் காட்டினாள்.

வேலை கிடைத்தது. மழைக்காலம் முடியுமுன் அம்மா போனாள். அவள் போன முதல் ஞாயிறு அப்பா கம்ப்யூட்டர் மேஜையை நகர்த்திச் சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்தார். அம்மாவோடு முகம் பார்த்துப் பேசப் புதிதாக வாங்கிய கேமராவை மானிட்டர்மேல் வைத்து, நான் அடுப்பின் அருகில் நின்றால் தெரிகிறேனா, ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றால் தெரிகிறேனா என்று மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் டியூட்டி நேரங்களை இந்திய நேரத்துக்கு மாற்றி அட்டவணை போட்டு அச்சடித்து, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றைக் கட்டிலருகிலும் ஒட்டினார். இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று விதி போட்டார். அழைப்பு வரும் நேரத்துக்கு அரைமணி முன்பே சட்டை மாற்றிக்கொண்டு, மைக்கைத் தட்டித்தட்டிச் சோதிப்பார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கரோல் பாக்கில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த வரிகள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்தச் சட்டையையும் மைக்கையும் பார்க்கப் பார்க்க, அப்பா அதைச் சும்மா எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா போனது அவருக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று, அவள் திரும்பி வரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.