புள்ளி இல்லாத மூளை

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்கு ஒரு மூளை வாங்கினோம்.

சிரிக்காதீர்கள். "உங்க வீட்டுக்கு அவசியம் தேவைதான்" என்று உங்களில் பாதிப் பேர் முணுமுணுப்பது எனக்கு இங்கே பெரம்பலூர் வரைக்கும் கேட்கிறது. வாங்கியது ஆட்டு மூளை. வறுக்க அல்ல... படிக்க!

என் மகள் யாழினி பிசியோதெரபி முதல் வருடம். அனாட்டமி தியரியில் பாஸ், பிராக்டிகலில் ஃபெயில். அதுவும் மூளையில். மறுதேர்வு அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அதிலும் போனால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் சீனியர் ஆகிவிடுவார்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் எப்படி ஃபெயில்? மூளையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லையே — போனில்!

ஒரு ஆப் இருக்கிறது. மூளைப் படம் வரும். அதன் மேல் நீலப் புள்ளிகள். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்தின் பெயர் வரும். பெருமூளை, சிறுமூளை, முகுளம்... குவிஸுக்குப் போனால் பெயர் மறைந்துவிடும், புள்ளி மட்டும் இருக்கும். சரியாகச் சொன்னால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. யாழினி நாற்பதுக்கு நாற்பது. ஒரு முறை இல்லை, பத்து முறை.

அரியலூர் ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். மகளுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று அந்த ஆப்பை நானும் இறக்கிக்கொண்டேன். ஒரே வாரத்தில் முப்பத்தெட்டு! தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? பக்கத்து சீட்காரர் ஒருநாள், "தலை சுத்துது சார்" என்றார். "செரிபெல்லம், அதாவது சிறுமூளைக் கோளாறு" என்றேன். "இல்ல சார், காலைல சாப்புடல" என்றார். அது என் சிலபஸில் இல்லை.

பிராக்டிகல் ஹாலில் நடந்ததை யாழினி ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், டிரேயில் நிஜ மூளையை வைத்து, "சிறுமூளை எதும்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் கீழே வலது ஓரத்தைக் காட்டினாள். "அது நெத்திக்குப் பின்னாடி இருக்கறதும்மா" என்றாராம். ஆப்பில் நெற்றி எப்போதும் இடது பக்கம் இருக்கும். அவர் மூளையை மறுபக்கமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான்... அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் இவளுக்கு எல்லாம் குழம்பிவிட்டது.

"அதுல புள்ளியே இல்லப்பா" என்று அழுதாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சுமதி, "போனைத் திருப்பி வச்சுப் படிச்சா என்ன?" என்றாள். திருப்பினோம். படமும் சமத்தாகத் திரும்பி நிமிர்ந்துகொண்டது. இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் நிமிர்கிறது, அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம்.

"ஏங்க, ஆட்டு மூளை இப்படித் திரும்பிக்காதுல்ல?" என்றாள் சுமதி.

நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்தவனுக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்.

யாழினியை மட்டும் குறை சொல்வானேன்? நாம் எல்லோருமே இப்படித்தானே ஆகிவிட்டோம்! அண்மையில் அரியலூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பெரிய பேனர். வட்ட வட்டமாக முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், படிப்பு, பதவி. நிதானமாக எல்லாவற்றையும் படித்துவிட்டு உள்ளே போனேன். கும்பிட்டு வரவேற்றவரிடம், "பொண்ணோட அப்பா எங்கங்க?" என்றேன்.

"நான்தாங்க."

பேனரில் அவருக்கு முடி இருந்தது! பெயர் எழுதி ஒட்டியிருந்தால் நமக்கு எல்லோரையும் தெரியும். ஒட்டாமல் எதிரே வந்து நின்றால்தான் சிக்கல்.

மூளை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆட்டுத் தலையை ஒரே போடுதான், மூளை இரண்டாகத்தான் வரும். முழுதாக வேண்டுமென்றால் லப்பைக்குடிக்காட்டில் எனக்குப் பழக்கமான கறிக்கடைக்காரர் ரஹீம் பாயிடம் போக வேண்டும். முதல் நாளே போனில் சொல்லிவைத்துவிட்டு, காலையில் நானும் மகளும் ஸ்கூட்டரில் போய் இறங்கினோம்.

"பாப்பா பரீட்சைக்கா? இன்ஷா அல்லாஹ், உடையாம எடுத்துத் தரேன் சார்."

எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் திறந்து, மூளையை வாழை இலைத் துண்டில் வைத்தார். கூட்டம் வேறு எட்டிப் பார்க்கிறது... நான் சும்மா இருப்பேனா? தொண்டையைச் செருமிக்கொண்டு இடது ஓரத்தைத் தொட்டேன். "பாத்துக்க கண்ணு, இதுதான் ஃப்ரண்டல் லோப். நெத்திக்குப் பின்னாடி, யோசிக்கிற இடம்."

பாய் என்னைப் பாவமாகப் பார்த்தார். "சார், அது பிடரிப் பக்கம். ஆடு இந்தப் பக்கம்ல பாத்துட்டு இருக்கு!"

கடையே சிரித்தது. ரிசல்ட் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக யாழினியும் சிரித்தாள். அதற்காக இன்னும் நாலு இடத்தைத் தப்பாகச் சொல்லவும் நான் தயாராக இருந்தேன்.

"பாய், நான் கையில எடுக்கலாமா?" என்று கேட்டாள். எடுத்தாள். இப்படியும் அப்படியும் புரட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள்.

"அப்பா, மத்த எடத்துல மடிப்பெல்லாம் தடிதடியா இருக்கு. இங்க மட்டும் பொடிசு பொடிசா, நெருக்கமா இருக்கு. இது சிறுமூளைப்பா."

சரி. தலைகீழாகக் கவிழ்த்து மறுபடி தேடச் சொன்னேன். அதுவும் சரி!

வீட்டில் அதைச் சரிபாதியாக அறுத்தாள். சிறுமூளைக்குள் வெள்ளையாக ஒரு குட்டி மரம், கிளை கிளையாக. ஆப்பிலும் அந்த மரம் இருந்தது. அதைத் தொட்டு நானும் பச்சை வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு நான் சும்மா இருக்காமல், பல்குச்சிகளில் காகிதக் கொடி ஒட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி எடுத்துவந்தேன். பழக்க தோஷம்! யாழினி வாங்கி, காகிதத்தை எல்லாம் கிழித்துவிட்டு, வெறும் குச்சியை மட்டும் குத்தினாள்.

"பேரு வேணாம்ப்பா. எனக்குத் தெரியும்."

செவ்வாய்க்கிழமை அதே தேர்வாளர். மூளையை இந்தத் தடவை கவிழ்த்தே வைத்திருந்தாராம். இவள் கையுறை போட்டுக்கொண்டு, "கையில எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டு, கண்ணை மூடி, விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஆச்சரியம்.

"இதெல்லாம் எங்கம்மா படிச்சே?"

"லப்பைக்குடிக்காட்டுல சார்."

அங்கே எப்போது மெடிக்கல் காலேஜ் வந்தது என்று மனிதர் கொஞ்ச நேரம் யோசித்தாராம்.

நேற்று ரிசல்ட். பாஸ்! யாழினி முதல் போன் போட்டது ரஹீம் பாய்க்கு. இரண்டாவது அவள் அம்மாவுக்கு.

நானும் இப்போது நாற்பதுக்கு நாற்பது எடுத்துவிட்டேன்... வீட்டில் யாரும் கேட்கத்தான் மாட்டேன் என்கிறார்கள்.