அடுப்புக்கு முதுகு காட்டிய என்ஜினியர்

நிவீன் கதையை வேறு யாராவது சொல்ல வந்தால் வாயை மூடச் சொல்லிவிடுவேன். பாதியை விழுங்கிவிட்டு மீதியில் தங்களைப் பற்றியே அளப்பார்கள். அவள் எங்கள் பிஸ்கெட் ஃபாக்டரியில் கால் வைத்த நிமிடத்திலிருந்து கூடவே இருந்தவள் நான், பேக்கிங் மேஜையை மேய்க்கிற உம்மு ஷாதி.

எங்கள் மன்சூரா ஊரில் ரமலான் பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. கஹ்க் என்கிற நெய் பிஸ்கெட் இல்லாமல் பெருநாள் கொண்டாடுகிற வீடு உண்டா? நெய்யும் எள்ளும் சேர்ந்து வெந்து மணக்கும். நாங்கள் நோன்பு வயிற்றோடு நாள் முழுக்க அந்தக் கஹ்க் மேல் சர்க்கரைப் பொடி தூவிக்கொண்டு நிற்போம். அது என்ன கொடுமை என்று எங்களைக் கேளுங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நிவீன் வந்து சேர்ந்தாள். என்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண். வேலை கிடைத்ததும் அவள் அம்மா மாடி மாடியாக ஏறி எல்லா வீட்டுக்கும் சர்பத் கொடுத்தாளாம். முதல் மூன்று மாதம் பாதிச் சம்பளம், பிடித்தால்தான் நிரந்தரம். அதற்கே இந்தப் பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வெள்ளைக் கோட்டு, பை நிறையப் பேனா, முகமெல்லாம் பல்.

முதலாளி ஹாஜி ராகிப் அவளைக் கூட்டி வந்து அடுப்பைக் காட்டினார். வீட்டு அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் இரும்புக் கூண்டு, அதற்குள்ளே ஓடும் பெல்ட். இந்த முனையில் மாவு போனால் அந்த முனையில் கஹ்க் வரும். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற பயூமி பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி விறைப்பாக நின்றிருந்தார்.

"அடேயப்பா, என்ன அழகா ஓடுது ஹாஜி! மூணு வருஷமா ஒரு நாள்கூட நின்னதே இல்லையாமே!" என்றாள் நிவீன்.

அவ்வளவுதான் சொன்னாள். புகழ்ந்தால் கண் படாமலிருக்கச் சொல்ல வேண்டிய மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை! நாங்கள் எல்லோரும் கையில் சல்லடையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். இதோ சொல்லிவிடுவாள், இதோ வந்துவிடும் என்று. பயூமியின் உதடு அவளுக்குப் பதிலாக முணுமுணுக்கவே ஆரம்பித்துவிட்டது. அவளோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பெல்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

"போச்சு! கண்ணு பட்டுப்போச்சு!" என்று பயூமி தலையில் கை வைத்தார்.

ஒருத்தி உப்பை அள்ளி வீசினாள், ஒருத்தி சாம்பிராணி போட்டாள். கண் பட்டவளாக நினைத்துக் குத்தி எரிக்க நான் காகிதத்தில் பொம்மை வெட்டினேன். குத்துவதற்கு ஊசி தேடினேன். நிவீன்தான் பாவம், தன் முக்காட்டிலிருந்து பின்னைக் கழற்றிக் கொடுத்தாள்.

"யாரைக் குத்துறீங்க சித்தி?"

"உன்னைத்தாண்டி!"

பொம்மையை எரித்தும் ஆயிற்று, கருகிப்போன ஒரு வயரை மாற்றியும் ஆயிற்று, அடுப்பு ஓடியது. ஆனால் ஹாஜிக்கு ஆத்திரம் தீரவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்கங்க! பெருநாளுக்குள்ள இந்த அடுப்பு இன்னொரு தடவை நின்னுச்சுன்னா இந்தப் பொண்ணு இங்க வேலைல இருக்க மாட்டா. இருந்தா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. தர்பூசணிக்குப் பேரம் பேசினாலும் வீட்டில் தன் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருப்பவள் தலையில்தான் சத்தியம்.

மறுநாளே பயூமி ஒரு சட்டம் போட்டார். நிவீன் அடுப்பைப் பார்க்கக் கூடாது. என் மேஜையோரம் ஒரு நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டார்கள். என்ஜினியரம்மா! அடுப்புக்கு முதுகு, சுவருக்கு முகம்.

"வேலை கத்துக்க வந்தியா, சுண்ணாம்பு உதிருதான்னு பாக்க வந்தியா?" என்று சீண்டினேன்.

முதலில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் என்ன ஆயிற்றோ, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்துத் தாளம் போட்டாள். டக்டக் டிடிக், டக்டக் டிடிக். கேட்டால் அடுப்பின் தாளமாம்!

"பயூமி மாமா, மூணாவது ஃபேன் திணறுது!"

"திரும்பிப் பாத்தியா நீ? பாத்தியா இல்லையா?"

"இல்ல மாமா, காதுல விழுந்துச்சு."

போய்ப் பார்த்தால் மூன்றாவது ஃபேன் வலையில் மாவு அப்பிக்கிடக்கிறது. பயூமி என் காதருகே வந்து, "கண்ணைக் கட்டுனா காதைத் தொறந்துட்டாளே!" என்று பயந்தார். எங்கள் பெண்களுக்கோ கொண்டாட்டம். தட்டு வெளியே வருகிறதா, மாவு உள்ளே போகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அவளைக் கேட்டுக் கேட்டு விளையாடினோம். ஒன்றும் தப்பவில்லை. நோன்பு அசதியே தெரியாமல் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாயிற்று. ஓர் ஆளை இத்தனை சீக்கிரம் எனக்குப் பிடித்துப்போனது கிடையாது, சொல்லிவிடுகிறேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். வாசலில் லாரி நிற்கிறது, கடைசி மாவு பெல்ட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்த நிவீன் சட்டென்று நிறுத்தினாள்.

"சித்தி, பேரிங் கத்துது."

"எனக்கு என் வயிறு கத்துறதுதான் கேக்குது."

அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கூவினாள்: "மாமா, அடுப்பை நிறுத்துங்க! கடைசிப் பக்கத்துப் பேரிங் போகப்போகுது!"

"பைத்தியமா உனக்கு? லாரி நிக்குது! நிறுத்துனா ஹாஜி என் தோலை உரிச்சிடுவாரு. உன் வேலையும் போயிடும், மறந்துட்டியா?" என்றார் பயூமி.

மறக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனதை நான்தான் பார்த்தேனே. "பேரிங் இறுகுனா பெல்ட் கிழியும் சித்தி. கிழிஞ்சா ஊருக்குக் கஹ்க்கே கிடையாது" என்று என் கையைப் பிடித்தாள்.

"கிழியட்டும்டி! நீ உக்காரு. உங்கம்மா மூஞ்சிய நினைச்சுப் பாரு" என்று அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கோட்டை உதறிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து முதல் தடவையாக அடுப்பின் பக்கம் திரும்பி, ஓடிப்போய் சிவப்புப் பொத்தானில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

அடுப்பு நின்றது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது. பயூமி கத்திக்கொண்டே மூடியைத் திறந்தவர், "யா லத்தீஃப்!" என்று பின்வாங்கினார். பேரிங் கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி சிவந்துபோய்ப் புகைந்துகொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் பெல்ட்டும் இல்லை, பெருநாளும் இல்லை. அவளும் பயூமியும் சேர்ந்து அதைக் கழற்றி வேறு மாட்டினார்கள். பெல்ட் ஓடத் தொடங்கவும் ஹாஜி படியிறங்கி வரவும் சரியாக இருந்தது.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான் ஹாஜி."

பயூமி பழைய பேரிங்கைக் காட்டினார். ஹாஜி அவசரத்தில் அதைக் கையால் எடுத்து, "ஆத்தாடி!" என்று குதித்து, விரலை வாயில் வைத்துக்கொண்டார். அந்த விரலோடேயே அவளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. சத்தியம் ஞாபகம் வந்துவிட்டது! சர்க்கரை மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இவளைப் போகச் சொல்ல மனசு வரல. இருன்னு சொன்னா இன்ஸாஃப் போயிடுவாளே!"

இன்ஸாஃப் அவர் மனைவி. பின்னாடியே அவர்கள் வீடு. நான்தான் ஃபோன் போட்டேன், வேறு யார் போடுவார்? கையில் கீரைக் கத்தியோடேயே வந்து நின்றார் ஹாஜியம்மா.

"ஒரு இரும்பு அடுப்புக்காக என்னைத் தலாக் விடுவீங்களா? அந்தப் பொண்ணு வெளிய போனா நானும் அவ கூடவே போறேன். நீங்க அடுப்பையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க!"

ஹாஜி அங்கேயே பள்ளிவாசல் இமாமுக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மறுபடியுமா ஹாஜி? மிரட்டத்தானே சொன்னீங்க, மனைவிய விடுற எண்ணம் இல்லையே?"

"சத்தியமா இல்ல!"

"முதல்ல சத்தியம் பண்றதை நிறுத்துங்க! பத்து ஏழைங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்க, பரிகாரம் ஆயிடும்."

ஹாஜி கையைப் பிசைந்தார். "நோன்பு திறக்கப் பாங்கு சொல்ற நேரமாச்சு. இந்நேரத்துக்குப் பத்து ஏழைங்களுக்கு நான் எங்க போவேன்?"

கிரீஸ் அப்பிய முகத்தோடு நிவீன் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கயும் போக வேணாம் ஹாஜி. உங்க கிட்ட பாதிச் சம்பளம் வாங்குறவ நான். முதல் ஆள் நான்தான்."

இரண்டாவதாக நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் பேக்கிங் மேஜை மொத்தமும். அதற்குப் பின்னால் பயூமி, முறைப்போடுதான், ஆனாலும் நின்றார். வரிசை வாசலைத் தாண்டவே லாரிக்காரனும் வந்து ஒட்டிக்கொண்டான். ஹாஜியம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாஜியின் காது நுனிவரை சிவந்துவிட்டது.

"நீ வரிசைய விட்டு வெளிய வா" என்றார் நிவீனிடம்.

"நீ ஏழை இல்ல. இன்னிலேருந்து முழுச் சம்பளம், நிரந்தரம். உங்கம்மாவுக்குச் சொல்லிடு."

நிவீன் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப எனக்குச் சாப்பாடு கிடையாதா ஹாஜி?"

ஃபாக்டரியே அதிர்ந்தது. அவள் விலகிய இடத்துக்கு நான் ஓர் எட்டு முன்னால் போய், "ஹாஜி, அப்படியே என்னையும் வரிசைய விட்டு வெளிய கூப்பிடுங்களேன்!" என்றேன்.

பெல்ட் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையாம்.