ஃபராவுக்காக அலைந்த ஜூலியானா

ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் நாசி கண்டார் எனும் சோறும் குழம்பும் விற்கும் கடை வைத்திருக்கும் ஹனீபா போன் செய்தபோது, ஜூலியானா வேறொரு பிள்ளையின் பள்ளி விஷயமாக ஓர் அலுவலகத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, என் கடை மேல் ரூம்ல ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. அம்மாவ இமிக்ரேசன்ல புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீ வந்து பாத்துட்டுச் சொல்லுலா."

ஜூலியானா வரிசையை விட்டுவிட்டுக் கிளம்பினார். கடையின் மாடி அறையில், சுவரோரமாக ஒன்பது வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஃபரா. சில நாட்களாகச் சமையல்காரர்கள்தான் தட்டில் சோறு வைத்துக் கொடுத்து வந்தார்கள். சத்தம் போடாமல் இரு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, இருமல் வந்தால்கூட முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டாள்.

"நீங்க போலீஸா?" என்று தமிழில் கேட்டாள்.

"இல்லம்மா. பிள்ளைங்கள பாத்துக்கிற ஒரு சங்கத்துல வேலை செய்யிறேன். என் பேரு ஜூலியானா."

"அம்மா எப்ப வருவாங்க, ஆன்ட்டி?"

"தெரியல. விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

ஃபராவின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, ஹனீபாவின் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர். ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றவர் வரவேயில்லை. அம்மா சுமியாத்தி இந்தோனேசியாக்காரி, மேடானுக்கு அப்பால் ஒரு சிற்றூர். கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. பெர்மிட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. கல்யாணம் பதிவாகவில்லை, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமும் எடுக்கவில்லை.

பிடிபட்ட அன்று, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றாள் சுமியாத்தி. இருக்கிறாள் என்று சொன்னால் மகளையும் கொண்டுவந்து அடைத்துவிடுவார்கள் என்ற பயம். மகளைக் காப்பாற்றச் சொன்ன அந்தப் பொய்தான் பிறகு எல்லாக் கதவுகளையும் அடைத்தது.

ஜூலியானா பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவர். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தார். தொழிற்சாலையை மூடியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அந்தச் சமயத்தில் தேவாலய மண்டபத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. சும்மா உதவிக்குப் போனார். ஒருநாள் ஒரு பையன் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை. யாரும் தேடிப் போகாததால் இவர் தேடிப் போனார். அதுவே வேலையாகிவிட்டது. இப்போது ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய சங்கம் ஒன்றில் இருக்கிறார். தினமும் கடலைக் கடந்து பெர்ரிப் படகில் போய்வருகிறார். கோபக்காரி என்று பெயர். அதை அவர் மறுப்பதில்லை.

ஃபராவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கணவர் பெர்னார்ட் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சட்டப்படி செய்யாவிட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து உரிமை கொண்டாடலாம் என்பது ஜூலியானாவுக்குத் தெரியும். சமூக நல அதிகாரியிடம் தகவல் கொடுத்தார். மாஜிஸ்திரேட் உத்தரவின்படி ஃபரா நிபோங் திபாலை அடுத்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தையொட்டி இருந்த சிறுமியர் இல்லத்துக்குப் போனாள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட குமுதா நல்ல பெண்மணிதான். ஆனால் வீடு நிறையப் பிள்ளைகள். யார் சாப்பிட்டார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று பார்ப்பதற்குள் அவருக்குப் பொழுது போய்விடும்.

சுமியாத்தியைத் தேடித் தடுப்பு முகாமுக்குப் போன ஜூலியானாவை வாசலிலேயே நிறுத்தினார்கள். பதிவில் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே கிடையாது என்றார்கள். பிள்ளை இருக்கிறது என்று நிரூபிக்கப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் எடுக்கத் தாய் வேண்டும் என்றது இன்னொரு அலுவலகம். கடிதம் எழுதினார், நினைவூட்டினார், நேரில் போய் நின்றார். கடைசியில் பார்க்க அனுமதி கிடைத்துப் போனபோது, அவளை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

வெளியே வந்து சங்கத்து வேனுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கையால் அறைந்தார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

ஹனீபாவின் சமையல்காரர் ஒருவர் மூலம் சுமியாத்தியின் கைப்பேசி எண் கிடைத்தது. அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ஜூலியானா இல்லத்துக்குப் போய், தன் கைப்பேசியில் வீடியோ அழைப்பில் தாயையும் மகளையும் பேசவைத்தார். முதல் நாள் இருவரும் அழுதே தீர்த்தார்கள். பிறகு சாப்பாடு, பல்வலி, தலைப்பேன் என்று பேச்சு சாதாரணமானது. அப்படிச் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்பதுதான் ஜூலியானாவுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே நிம்மதி.

அடுத்து சமூக நல அதிகாரிகள் மாறத் தொடங்கினார்கள். ஒருவர் பதவி உயர்ந்து போனார், இன்னொருவர் பிரசவ விடுப்பில் போனார், வேறொருவர் ஏன் போனார் என்றே தெரியவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஃபராவை உட்காரவைத்து, அம்மா பிடிபட்ட அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டார்கள். அவளும் சொன்னாள். சொன்ன அன்றெல்லாம் படுக்கையை நனைத்தாள், முழங்கையை நகத்தால் கீறிக்கொண்டாள்.

"மறுபடியும் கீறியிருக்கா, அக்கா," என்று குமுதா போனில் சொல்வார். "மருந்து போட்டிருக்கேன். இந்த அதிகாரிங்கள வராதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

ஜூலியானா சொன்னார். ஸுல்கிஃப்லி என்ற இளம் அதிகாரி புதிதாக வந்து ஃபராவைக் கூப்பிடச் சொன்னபோது, ஜூலியானா அறை வாசலை மறித்து நின்றார். பேச்சு மலாயில் நடந்தது; அக்கா என்பதற்கு அந்த மொழியில் 'காக்'.

"அவள் சொன்னது எல்லாம் பைலில் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்."

"நான் கேட்காமல் எப்படி ரிப்போர்ட் எழுதுவது, காக்?"

"உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் கேட்டார்கள். எழுதினார்கள். போய்விட்டார்கள். நீங்களும் போய்விடுவீர்கள். அவள் மட்டும் அந்த நாளிலேயே இருக்க வேண்டுமா? அந்தப் பிள்ளையின் கையை ஒருமுறை பாருங்கள்."

குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸுல்கிஃப்லி பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம், சங்கத்தார் மறு அறிவிப்பு வரும்வரை இல்லத்துக்கு வர வேண்டாம் என்று சமூக நல அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது.

ஜூலியானா போகவில்லை என்றால் கைப்பேசியும் போகாது. கைப்பேசி போகாவிட்டால் ஃபராவுக்கு அம்மாவின் குரல் இல்லை. இது அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. சனிக்கிழமை சுமியாத்தி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். ஜூலியானா பாகான் டாலாம் வீட்டுச் சமையலறையில் அந்தத் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"நீ சொன்னது சரிதான்," என்றார் பெர்னார்ட். "ஆனா நஷ்டம் யாருக்கு?"

"தெரியுது. அதுக்குன்னு வாய மூடிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"வாய மூடச் சொல்லல. போய்ப் பேசு. கத்தாமப் பேசு."

மன்னிப்புக் கேட்கப் போவது ஜூலியானாவுக்கு விளக்கெண்ணெய் குடிப்பதுபோல இருந்தது. ஸுல்கிஃப்லியின் மேசையில் அவருடைய முகமே தெரியாத அளவுக்குக் கோப்புகள். இவர் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அன்றைக்கே முழுதும் படித்தேன், காக். ஒரே கேள்வியை ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் பிள்ளைகள் முன்னால் கத்தியது சரியில்லை."

"சரியில்லைதான்," என்றார் ஜூலியானா.

ஸுல்கிஃப்லி கெட்டவரில்லை. அதுவே எரிச்சலைக் கூட்டியது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல ஆள், கைகொள்ளாத கோப்புகள், எந்தக் கோப்பும் நகராத ஒரு கட்டடம். யாரைத் திட்டுவது?

தடை நீங்கியது, சனிக்கிழமைப் பேச்சு மீண்டும் நடந்தது; ஜூலியானாவும் ஸுல்கிஃப்லியும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். தாயும் மகளும்தான் என்று நிரூபிக்க மரபணுப் பரிசோதனை, தூதரகத்தில் பயணப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக நடந்தது. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்றின் கெடு முடிந்திருந்தது. மீண்டும் முதலிலிருந்து. அதற்குள் ஃபரா பதினோரு வயதைக் கடந்து, ஜூலியானாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். இல்லத்தில் காமினி என்ற தோழி கிடைத்திருந்தாள். அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் இல்லத்தில் நடந்த வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர்.

எல்லாம் கூடிவந்த ஒரு பிற்பகல், இல்லத்துக் கொல்லையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஃபராவிடம் அவளை அம்மாவிடம் அனுப்பப்போகும் விஷயத்தை ஜூலியானா சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"நான் போகல, ஆன்ட்டி."

"அம்மாகிட்டம்மா."

"அங்க ஒரு ஆளு இருக்காரு. போன்ல பின்னாடி நடந்து போவாரு. ஒரு பாப்பாவும் இருக்கு. எனக்கு யாருன்னே தெரியாது."

ஜூலியானா வாளியிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்துப் பிழிந்தார். சுமியாத்தி ஊரில் மறுமணம் செய்துகொண்டிருந்தாள். அதை மகளிடம் ஒழுங்காகச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஜூலியானாவும் அது தாய் சொல்ல வேண்டிய செய்தி என்று விட்டிருந்தார்.

"போய்ப் பாக்குறேன். பிடிக்கலன்னா திரும்பி வரலாமா?"

"வர முடியாது, ஃபரா. போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. அம்மாவும் இங்க வர முடியாது."

"அப்ப எப்படிப் பிடிக்குதான்னு பாக்குறது?"

நியாயமான கேள்வி.

"முடிவு உன் தலையில இல்ல. பெரியவங்கதான் எடுக்கணும்," என்றார். "ஆனா நீ சொன்னத நான் மாத்தாம அப்படியே சொல்லுவேன்."

ஸுல்கிஃப்லியிடம் சொன்னார். மேடானில் இருக்கும் ஒரு தொண்டு அமைப்பு அந்த வீட்டைப் போய்ப் பார்த்து எழுதும்வரை பிள்ளையை அனுப்பக்கூடாது என்று நின்றார். இவ்வளவு நாள் அனுப்புங்கள் என்று அலைந்தவர் இப்போது நிறுத்துங்கள் என்கிறாரே என்று சங்கத்திலேயே முணுமுணுத்தார்கள். சுமியாத்தி போனில் கத்தினாள்.

"என் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், காக். அவளுக்கு என்னை மறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள்."

ஜூலியானா பதிலுக்குக் கத்தவில்லை. "முதலில் உன் புருஷனைப் பற்றி அவளிடம் நீயே சொல். பாப்பாவைக் காட்டு. அவர் அவளிடம் பேசட்டும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டைப் பார்த்தவர்கள் அறிக்கை அனுப்பப் பல மாதங்கள் ஆயின. பயணப் பத்திரம் மறுபடியும் காலாவதியாகி, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. சுமியாத்தியின் கணவர் லாரி ஓட்டுபவர், சிறிய வீடு, குடி கிடையாது, ஃபராவுக்குத் தனியே படுக்க இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அந்த மனிதர் திரையில் வந்து கூச்சத்தோடு நலம் விசாரித்தார். ஃபரா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். ஆனால் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நீதிமன்றம் தாயிடம் அனுப்ப உத்தரவிட்டது. ஃபரா பயந்ததையும் கேட்டதையும் ஜூலியானா சொன்னபடியே எடுத்துவைத்தார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். இருந்தாலும் வேறு என்ன தீர்ப்பு சொல்ல முடியும்? காமினியோடு இல்லத்தில் இருந்தால் பதினெட்டு வயதில் பத்திரமில்லாமல் தெருவுக்கு வருவாள். அது ஜூலியானாவுக்கும் தெரியும்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு ஸுல்கிஃப்லியும் வந்திருந்தார். கூடப் போவதற்கு ஒரு பெண் அதிகாரியை ஏற்பாடு செய்திருந்தார். உள்ளே போகும் இடத்தில் ஜூலியானா கையை நீட்டியபோது, ஃபரா பையின் வாரைச் சரிசெய்துகொண்டு அதிகாரியோடு நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கோபம்," என்றார் ஸுல்கிஃப்லி.

"கோபப்படட்டும். அவளுக்கு அதற்கு உரிமை இருக்கிறது," என்றார் ஜூலியானா.

சில வாரங்கள் சுமியாத்திதான் பேசினாள். ஃபரா நன்றாகச் சாப்பிடுகிறாள், பாப்பாவைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள், தன்னோடு அதிகம் பேசுவதில்லை என்றாள். அதன்பின் ஒருநாள் ஃபராவே அழைத்தாள்.

"ஆன்ட்டி, ஸ்கூல்ல என்னை ரெண்டாம் வகுப்புல போட்டுட்டாங்க. சின்னப் பிள்ளைங்களோட உக்காந்திருக்கேன். முட்டி மேசைல இடிக்குது. அவங்க படிக்கிற கணக்கு எனக்கு எப்பவோ தெரியும்."

"அம்மா கேட்டாங்களா?"

"அம்மாவுக்கு ஹெட்மாஸ்டர்னா பயம். நீங்க பேசுங்க."

ஜூலியானா மேடான் தொண்டு அமைப்புக்கு எழுதினார், பதில் வரவில்லை. சுமியாத்தியைப் பள்ளிக்குப் போகச் சொல்லி, அங்கிருந்து போனில் தலைமையாசிரியரிடம் தானே பேசினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பழைய பள்ளிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை வேறு வகுப்பில் போட முடியாது, புதிய பள்ளி ஆண்டு தொடங்கும் ஜூலையில் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றார். அதற்குமேல் ஜூலியானா எவ்வளவு பேசியும் அவர் அசையவில்லை.

போனை ஃபரா வாங்கினாள். "என்ன சொன்னாங்க?"

"ஜூலைல பரீட்சை வெப்பாங்களாம். அதுவரைக்கும் அங்கதான் உக்காரணும்."

"இது சரியில்ல, ஆன்ட்டி."

"சரியில்லதான்," என்றார் ஜூலியானா. "திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர மறுபடியும் கூப்பிடுறேன்."