அப்பாவின் மொழிபெயர்ப்பாளர்

அப்பா கம்பத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் கன்னடக் குடும்பம். வெளியே தமிழ், வீட்டுக்குள் எழுத்தில் இல்லாத ஒரு கன்னடம். கர்நாடகத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று அப்பாவே சொல்வார். அம்மா யாழ்ப்பாணத்துப் பெண், ஜெர்மனியில் ஹம் நகரில் வளர்ந்தவர். இருவரும் காதலித்துக் கலியாணம் கட்டியதில் அப்பாவின் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதனால் டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டில் தமிழ்தான். அந்தக் கன்னடத்தில் எனக்குப் பத்துவரை எண்ண மட்டும் தெரியும். மாடிப்படி ஏறும்போது அப்பா சொல்லிக்கொடுத்தது.

எனக்கு எட்டு வயதில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார். ஆனால் தமிழ், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் போய்விட்டன. அந்தக் கன்னடத்தில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. மாலையில் நாங்கள் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்வார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தபடி காத்திருப்பார்.

"அப்பா என்ன சொல்லுறார்? உனக்கு விளங்குதோ?" என்றார் அம்மா. அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அம்மா, தண்ணி கேக்கிறார்."

அன்றோடு நான் மொழிபெயர்ப்பாளரானேன். தாதிகள்கூட என்னிடம்தான் கேட்டார்கள். பள்ளியில் வாயே திறக்காத எனக்கு அது பெரிய உத்தியோகம். ஒருநாள் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், ஒருநாள் தலையணையை உயர்த்தச் சொன்னேன், இன்னொரு நாள் டிவி. அம்மா ஓடி ஓடிச் செய்தார். அப்பா தலையை ஆட்டி மறுப்பார், மறுபடி சொல்வார், சில நாள் அழுவார். நாக்குக் குழறியதில், அது ஒரே வாக்கியம் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. கம்பத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்கலாமா என்று அம்மா ஒருமுறை யோசித்தார். "வேண்டாம், எனக்குத்தானே விளங்குது" என்றேன்.

மூன்றாவது வாரம் அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இனித் தேறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் இறந்துபோனார்.

செய்தி போனதும் பெரியப்பா முதல்முறையாக ஃபோன் செய்தார். அம்மாவிடம் அழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கூசிகெ ஊட்டா ஆயித்தா?"

அப்பாவின் அதே வாக்கியம். ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"புரியலையா தாயி? பிள்ளை சாப்பிட்டாச்சான்னு கேட்டேன்" என்றார் பெரியப்பா.

மாலையில் அம்மா என்னைப் பள்ளியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். வீடு திரும்பிய பிறகுதான் எனக்குச் சோறு. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. சாப்பிட்டேன் என்று ஒருநாள் சொல்லியிருந்தால் போதும்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு போட்ட கணக்கு. அன்று பெரியப்பாவிடம் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"பெரியப்பா என்ன கேட்டவர்?"

"சாப்பிட்டியோ எண்டு."

நான் சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான். அப்பா இத்தனை நாளும் கேட்டது இவ்வளவுதானா, முக்கியமாக ஒன்றும் இல்லையே என்று அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.