இடது முட்டி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் மக்கு. சாதாரண மக்கு இல்லை. கண்ணெதிரே நடப்பதை முழுசாகப் பார்த்து, அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு, அப்படியே நாலு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வருகிற உழைப்பாளி மக்கு. எங்கள் வீட்டில் ஒரு காதல் நடந்தது. அதன் நட்டநடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கென்னவோ அது பந்தாட்டம் என்றே தோன்றியது.

அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் சந்து. மெட்ரோவுக்காக ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. வீடுகளில் மண் புகுந்ததைப் பற்றியோ பஸ் சுற்றிப்போவதைப் பற்றியோ பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. எங்கள் வட்டாரத்தில் கவலை என்றால் பந்து. சந்துக்குச் சந்து ஒரு டீம். அப்பா ஆறு நாள் பஸ் டிப்போவில் மெக்கானிக், ஏழு நாளும் எங்கள் டீமுக்கு செக்ரெட்டரி.

ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். பனியன் ஞாயிறு என்போம். சொந்த டீம் இல்லாத வெளி ஆட்டக்காரர்கள் மைதானத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். செக்ரெட்டரிகள் முறைவைத்து ஒவ்வொருவராகப் போய், வேண்டிய ஆளின் தோளில் தங்கள் டீம் பனியனைப் போடுவார்கள். போட்டால் போட்டதுதான். அந்த வருடம் முழுக்க அவன் அந்த டீம். போட்ட பனியனைத் திரும்ப எடுப்பது, பந்தியில் உட்கார்ந்தவன் இலையை உருவுவது மாதிரி.

போன வருடம் கடைசியாக வந்த டீமுக்குத்தான் முதல் முறை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்திலும் இப்படி இருந்திருந்தால் வருடா வருடம் நான்தான் வகுப்புத் தலைவன். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. கடைசியாக வந்தால்தான் நல்ல ஆள் கிடைப்பான் என்றால், எல்லாரும் எதற்காக ஜெயிக்கப் பார்க்கிறார்கள்? அப்பாவிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து என் உச்சந்தலையில் நன்றாகத் தேய்த்தாள்.

நான் சொல்லவந்த வருடத்தில் முதல் முறை ஏரிக்கரை டீமுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது மார்க்கெட் டீமுக்கு. மூன்று பேர் கண்ணும் ஒரே ஆள் மேல்தான். எல்லாரும் அவரை லெஃப்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கோலாரில் சுரங்கம் மூடியபிறகு பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். இடது காலால் அவர் அடிக்கிற பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டு, ஏதோ மறந்துவிட்ட மாதிரி உள்ளே திரும்பிவரும்.

எங்கள் சந்துக்கு மட்டும் இன்னொரு வழக்கமும் உண்டு. அதை ஏற்படுத்தியவர் அப்பா. வெளியிலிருந்து எடுக்கிற ஆட்டக்காரர்கள் தினமும் சந்துக்குள் வந்துபோவார்கள்; வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு. அப்படி வந்த ஒரு கோல்கீப்பர், வந்த பந்தையெல்லாம் விட்டுவிட்டு, மூன்றாம் வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டான். டீமையே கலைத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் குதித்தபோது அப்பாதான் எழுந்து நின்று ஒரு வழி சொன்னாராம். பனியன் விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே, புது ஆட்டக்காரன் அம்மன் கோயில் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சந்தில் கல்யாணமாகாத பெண்கள் அத்தனை பேரும் அவனுக்கு ராக்கி கட்டுவார்கள். அதற்குப் பிறகு அவன் எல்லாருக்கும் அண்ணன். கட்டுவது செக்ரெட்டரி வீட்டிலிருந்து தொடங்கும்.

செக்ரெட்டரி வீட்டில் கல்யாணமாகாத பெண் என்றால் அத்தைதான், அப்பாவின் தங்கை. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. பந்தென்றால் அவளுக்கு ஜன்னல் கண்ணாடியை உடைக்கிற சாமான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அந்த வருடம் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைத்தான் தேடினாள்.

"டே, சலூன்ல என்ன பேசிக்கிறாங்க? லெஃப்டை யாரு எடுக்கப் போறாங்களாம்?"

நான் புளகாங்கிதம் அடைந்துவிட்டேன். எங்கள் வீட்டிலேயே இன்னொரு ரசிகை! அன்றிலிருந்து சலூனே கதி. முடி வெட்டிக்கொள்கிறவர்களைவிட யார் யாரை எடுப்பார்கள் என்று ஆரூடம் சொல்கிறவர்கள்தான் அங்கே அதிகம். அதில் சலூன்காரருக்கும் ஒரு ஆட்டோக்காரருக்கும் தினமும் சண்டை.

"மொத டர்ன் ஏரிக்கரைக்காரனுக்கு. லெஃப்டை உட்டுட்டுச் சும்மா இருப்பானா அவன்?"

"அவன்கிட்ட கீப்பரே இல்ல குரு. போன வருசம் அவன் கோல் போஸ்ட்டு மார்க்கெட்டு கேட்டு மாதிரி தொறந்தே கெடந்துச்சு. கீப்பரைத்தான் எடுப்பான். லெஃப்டு நமக்குத்தான், பக்கா!"

"நீ போன வருசமும் பக்கான்னுதான் சொன்னே. கடேசிக்கு முந்தி வந்தோம்."

"தலையை ஆட்டாதே மச்சா, காது போயிடும்."

நான் ஓடிப்போய் வரிக்கு வரி அத்தையிடம் ஒப்பிப்பேன். இங்கேதான் குழப்பம். லெஃப்டு நமக்குத்தான் என்று சொன்ன நாளில் அத்தை சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். ஏரிக்கரைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போலிருக்கிறது என்று நான் துக்கத்தோடு சொன்ன நாளில், என் தட்டில் அவள் பங்கு அப்பளமும் வந்து விழும். யோசித்துப் பார்த்தேன். கண் பட்டுவிடாமல் இருக்க மாற்றி நடக்கிறாள் என்று முடிவுக்கு வந்தேன். நல்ல ரசிகர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பனியன் ஞாயிறுக்கு முந்தின வாரம், யூனிஃபார்ம் துணி வாங்க அம்மா என்னை சிவாஜிநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா பேரம் பேச ஆரம்பித்தால் நான் ஊரைச் சுற்றிவந்துவிடலாம். அப்படிச் சுற்றியபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் அத்தையைப் பார்த்தேன். பக்கத்தில் லெஃப்டு! அத்தையின் டிபன் பையை அவர் கோப்பை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். எனக்காகப் பெரியவர்கள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடா," என்றாள் அத்தை. "இது டீம் விசயம்."

"என்ன டீம் விசயம்?"

அத்தை மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிறகு லெஃப்டின் காலைப் பார்த்தாள்.

"இவருக்கு இடது முட்டி போயிடுச்சு. அதான் விசாரிச்சுட்டிருந்தேன்."

லெஃப்டு குனிந்து தன் முட்டியை ஆச்சரியத்தோடு பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக அதைத் தடவிவிட்டுக்கொண்டார். டீமுக்காக உளவு பார்க்கிற அத்தை ஒரு பக்கம், வலியை வெளியே காட்டாத வீரர் ஒரு பக்கம். எனக்கும் ஒரு டம்ளர் கரும்புச்சாறு கிடைத்தது.

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்வது கோயில் மைக்கில் சொல்வதற்குச் சமம். அத்தைக்கு அது தெரியும். மறுநாளே சலூனில் சொல்லிவிட்டேன். நான் வெறும் முட்டி என்றுதான் சொன்னேன். அது கை மாறி மாறிப் போய் ஜவ்வு கிழிந்ததாகி, ஆபரேஷனாகி, சனிக்கிழமை எனக்கே திரும்பி வந்தபோது, உள்ளே ஸ்குரூ வைத்திருப்பதாகவும் மழை வந்தால் அது துருப்பிடிக்கும் என்றும் இருந்தது. நானே பதறிப்போய்விட்டேன்.

அன்றைக்கு அப்பா சவரத்துக்கு வந்திருந்தார். முகமெல்லாம் நுரை.

"எந்த முட்டிடா?"

"இடதுப்பா."

"யாரு சொன்னது?"

"டீம் விசயம். சொல்லக்கூடாது."

அப்பா கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நுரை இருந்ததால் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்க இடமில்லை. பெண்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக. அம்மாவுக்குப் பின்னால் அத்தை. ஏரிக்கரைக்காரர் சலூனில் சொன்ன மாதிரியே ஒரு கோல்கீப்பர் தோளில் பனியனைப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் முறை. மஞ்சள் பனியனோடு அப்பா நடந்தார். எங்கள் சந்தே கத்தியது: "லெஃப்டு! லெஃப்டு!" முட்டி போனது என்று வாரம் முழுக்கப் பேசியவர்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஸ்குரூ இருந்தால் என்ன, லெஃப்டு லெஃப்டுதானே?

அப்பா அவர் எதிரே போய் நின்றார்.

"கொஞ்சம் நட பாக்கலாம்."

லெஃப்டு நடந்தார். அந்த நடையைப் பார்த்தால் கல்லும் கரைந்திருக்கும். வலது காலை இழுத்து இழுத்து, பல்லைக் கடித்து, நடுவில் ஒரு தடவை ஆகாயத்தைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டார். அப்பா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி சுவர் ஓரம் பார்த்தார். அம்மாவின் முந்தானையை அத்தை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓரடி தள்ளி, லெஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒல்லிப் பையன் தோளில் பனியனைப் போட்டார். அந்தப் பையனுக்கு இருந்த ஒரே தகுதி, லெஃப்டுக்குப் பக்கத்தில் நின்றதுதான். என்னவோ தவறு நடந்துவிட்டது என்று அவனே பின்னால் திரும்பிப் பார்த்தான்.

மார்க்கெட் டீம் செக்ரெட்டரி துணிச்சல்காரர். வருவது வரட்டும் என்று ஒரே எட்டில் வந்து லெஃப்டு தோளில் பச்சைப் பனியனைப் போட்டார். அவ்வளவுதான், லெஃப்டு துள்ளிக் குதித்தார். பனியனை மாட்டிக்கொண்டு மைதானத்தையே ஒரு சுற்று ஓடிவந்தார்! ஸ்குரூவும் இல்லை, துருவும் இல்லை.

எங்கள் சந்து அப்பாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அப்பா ஒல்லிப் பையனின் பனியனை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் விழுந்து புரண்டு அழுதேன். அத்தை ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். தேன் கேக் வாங்கிக் கொடுத்தாள், பிறகு பப்ஸ், பிறகு இன்னொரு தேன் கேக். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. டீம் தோற்கப்போவதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று மூன்றாவது தேன் கேக்கையும் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் ஒல்லிப் பையனுக்கு ராக்கி கட்டினார்கள். முதல் ராக்கி அத்தையுடையது. இவ்வளவு பாசமாக யாரும் எந்தத் தம்பிக்கும் கட்டியிருக்கமாட்டார்கள்.

அந்த வருடம் லெஃப்டு எங்களுக்கு எதிராக அடித்த கோல்களை நான் எண்ணவில்லை. எண்ணியவர்கள் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு முட்டி செக்ரெட்டரி என்று பெயர் வைத்தார்கள். சலூனில் அவர் நுழைந்தால் யாராவது ஒருவர் நொண்டிக் காட்டுவார். அடுத்த வருடம் செக்ரெட்டரி வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாவியையும் பந்துப் பையையும் ஒப்படைத்துவிட்டு வந்த அன்றைக்கு அப்பா நேரத்தோடு படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையும் கழற்றினார்.

பிறகு ஒரு நாள், மார்க்கெட் டீம் செக்ரெட்டரியும் லெஃப்டும் அவருடைய அப்பா அம்மாவும் தட்டில் பூ, பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. செய்த தப்பை உணர்ந்து லெஃப்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள்! ஒரே ஓட்டமாகச் சலூனுக்குப் போய், "லெஃப்டு நம்ம டீமுக்கு வந்துட்டாரு!" என்று அறிவித்தேன். சலூனே கைதட்டியது. பாதிச் சவரத்தோடு எழுந்து வந்த ஆட்டோக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே அத்தை பட்டுப்புடவையில் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் வெகுநாள்வரை ஏதோ பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. லெஃப்டு இப்போது எனக்கு மாமா. இப்போது நிஜமாகவே முட்டி வலிக்கிறது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, அப்பாவோடு டிவியில் பந்து பார்ப்பார். இந்த சீசனுக்கு யார் யாரை எடுப்பார்கள் என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் நடக்காது.

போன ஞாயிறு மாமா அத்தையோடு கிளம்பிப் போன பிறகு, நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கரும்புச்சாறு வண்டி, டிபன் பை, நான் சலூனுக்குச் சுமந்துகொண்டு போன முட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட பெருமை.

"நாங்க மூணு பேரும் சேந்து உங்களை நல்லா ஏமாத்திட்டோம்ப்பா," என்று சிரித்தேன்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொன்னது இடது, அவன் இழுத்தது வலது."