மூடவிருந்த கிணற்றில் இறங்கிய பெண்

1. அழைப்பு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்தது. கடத்தூர் பக்கம் விவசாயக் கிணறு ஒன்றில் ஒரு பெண் இறங்கியிருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்றார் எங்கள் நிலைய அலுவலர். கிணற்று அழைப்பில் ‘உயிரோடு’ என்ற சொல்லை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. தீயணைப்புத் துறையில் அப்போது நான் முன்னணித் தீயணைப்பாளர். கிணற்றில் இறங்கும் வேலை பெரும்பாலும் என்னுடையது. கயிறும் லைஃப் பெல்ட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

தார் ரோட்டிலிருந்து மண்பாதையில் திரும்பியதுமே இடம் தெரிந்துவிட்டது. அதே மரவள்ளித் தோட்டம், அதே கிணறு. தை மாதத்தில் அங்கிருந்துதான் மாதேஷ் என்ற விவசாயியின் உடலை எடுத்தோம். மோட்டார் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் அடைத்திருந்த குப்பையை எடுக்க இறங்கியவர், கல்படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். தண்ணீருக்குள் மூழ்கி அவரைத் தேடிக் கயிறு கட்டி மேலே அனுப்பியவன் நான். இப்போது உள்ளே இருப்பது அவர் மனைவி சென்னம்மாள் என்றார்கள்.

கிணற்றோரம் ஒரு ஜேசிபி நின்றிருந்தது. அதன் சக்கரத்துக்கு முன்னால் கரை விரிசல் விட்டிருந்தது. மாதேஷின் தம்பி முருகேசன் ஓடிவந்தார்.

“கெணத்த மூடறதுக்கு வண்டி வரச்சொன்னதே நான்தான் சார். மொதோ லோடு மண்ணக் கொட்டறதுக்குள்ள அண்ணி இறங்கிட்டாங்க. சாவறதுக்குத்தான் போயிருக்காங்க. மூட மாட்டோம்னு சொல்லி மேல கூட்டிட்டு வந்துடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.”

 நிலைய அலுவலர் முதலில் ஜேசிபியின் இன்ஜினை அணைக்கச் சொன்னார். அதை நகர்த்தினால் அதிர்வில் கரை சரியக்கூடும், அப்படியே நிற்கட்டும் என்றார். வேடிக்கை பார்த்தவர்களைத் தள்ளி நிற்க வைத்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “உள்ள போடுங்க” என்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அவசரப்படுத்தாதீங்க. ஆனா கரை தாங்காது. ரெண்டையும் மனசுல வச்சுக்குங்க.”

2. உள்ளே

கோடை என்பதால் தண்ணீர் கீழே போயிருந்தது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாறையில் மேடை போல ஒரு இடம். அங்கே சென்னம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கும்போது காலடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்கினேன்.

“யாரு?” என்றார்.

“ஃபயர் சர்வீஸ்மா.”

“மேல கூட்டிட்டுப் போகத்தான வந்தீங்க?”

“ஆமா. ஆனா கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கறேன்.”

அவர் ஒதுங்கி இடம் விட்டார். கயிறு என் இடுப்பில் இருந்தது. இன்னொரு பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

“நான் சாவறதுக்கு வரலீங்க. எனக்குப் பொட்டப்புள்ளைங்க ரெண்டு இருக்குதுங்க. இதையும் மூடிட்டா, அவரு கடைசில எப்பிடிப் போனாருன்னு எனக்குத் தெரியாமலே போயிடும். யாரக் கேட்டாலும் அதெல்லாம் எதுக்கு, மறந்துடுங்கறாங்க. வூட்ல அவரு பேரையே எடுக்க வுட மாட்டேங்கறாங்க. அழுதா புள்ளைங்க பயந்துக்குமாம். நான் எங்கதாங்க போயி அழுவறது?”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“அன்னிக்கி தூக்குனது நீங்கதான?”

“நான்தாம்மா.”

மேலிருந்து ஒரு மண்கட்டி விழுந்து தண்ணீர் தெறித்தது. கயிற்றை லேசாக இழுத்தார்கள், நேரமாகிறது என்று அர்த்தம். அவருக்கு அதெல்லாம் தெரியவே இல்லை.

“அப்ப நான் வூட்ல மிக்சி போட்டுட்டு இருந்தேங்க. அவரு என்னக் கூப்புட்டிருப்பாரா? எனக்குத்தான் காதுல வுழலியா?”

கூப்பிடவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஒன்று புரிந்தது. இந்தக் கேள்வியோடுதான் அவர் தினமும் படுத்து எழுந்திருக்கிறார். நான் சும்மா சொல்கிறேனா என்பதை என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“கூப்பிட்டாரான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பாத்தத மட்டும் சொல்ல முடியும். சொல்லட்டுமா?”

தலையசைத்தார்.

“தலைக்குப் பின்னாடி பெருசா அடி. கண்ணு மூடியிருந்துச்சு. தண்ணியில தத்தளிச்சவங்க கையில சேறோ பாசியோ ஒட்டியிருக்கும், நகம் பேந்திருக்கும். நான் நெறைய பாத்திருக்கேன். அவரு கை சுத்தமா இருந்துச்சு. வுழுந்தப்பவே நெனவு போயிருக்கும்னு நான் நெனைக்கறேன். சத்தியமா அப்பிடித்தான்னு சொல்ல முடியாது.”

 பிறகு கேட்டார்.

“மூஞ்சி? எனக்குத் துணி சுத்தித்தான காட்டுனாங்க.”

“நெத்தியில சிராய்ப்பு இருந்துச்சு. வேற காயமில்ல. மீசையில பாசி ஒட்டியிருந்துச்சு. மேல அனுப்பறதுக்கு முன்னாடி தொடச்சு வுட்டேன்.”

“தொடச்சு வுட்டீங்களா?”

“ஆமாம்மா.”

அப்போதுதான் அழுதார். அந்தச் சத்தம் கிணறு முழுக்க எதிரொலித்தது. மேலே முருகேசன் என்னவோ கத்துவதும், நிலைய அலுவலர் அவரை அடக்குவதும் கேட்டது. என் தலைக்கு மேலே விரிசலிலிருந்து மண் விடாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அழுகையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழ விட்டபடியே பெல்ட்டை அவர் இடுப்பில் மாட்டினேன். தடுக்கவில்லை.

“போலாங்க” என்று அவராகவே எழுந்தார்.

அவரை முன்னால் ஏறவிட்டு, படிக்குப் படி நான் கீழிருந்து தாங்கிக்கொண்டேன். நாங்கள் மேலே வந்து சற்று விலகுவதற்குள் கரையின் ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

3. மேலே

சென்னம்மாளின் மாமியார் ஓடிவந்து, “அழுவாத சாமி, அழுவாத” என்று அவர் வாயைப் பொத்தப் போனார். நிலைய அலுவலர் தடுத்தார். “அழட்டுங்கம்மா. வுடுங்க.” பெரிய மகள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வீட்டார் சொன்னது போல அந்தப் பிள்ளை பயந்துவிடவில்லை. அதுவும் சேர்ந்து அழுதது.

முருகேசன் ஜேசிபி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கிணற்றுக்குள் பேசினால் மேலே எல்லாம் கேட்கும். நாங்கள் பேசியது முழுவதும் அவருக்கும் கேட்டிருக்கிறது.

“இந்தக் கெணத்தப் பாத்தாலே எனக்கு மூச்சடைக்குது சார். அதான் மூடிடலாம்னு பாத்தேன். அண்ணிக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் இறந்த நாளிலும் அவர் அழவில்லை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

மாதேஷை எடுத்த நாள் முதல் நானும் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குளித்துவிட்டு டீ குடித்தால் சரியாகிவிடும் என்பதுதான் எங்கள் நிலையத்தில் வழக்கம். அன்று மாலை வீட்டில் என் மனைவி, “என்ன, முகமே சரியில்ல?” என்று கேட்டாள். எப்போதும் போல ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. தண்ணீருக்குள் மாதேஷின் கை என் கழுத்தில் பட்டது வரைக்கும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

கிணற்றை மழைக்காலத்துக்கு முன்பு மூடினார்கள். இந்த முறை மூடச் சொன்னது சென்னம்மாள்தான். பிறகு ஒருநாள் கடத்தூர் பேருந்து நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். “இப்ப வூட்ல அவரப் பத்திப் பேசறோங்க சார். சின்னவ அவர மாதிரியே நடந்து காட்டுறா. சிரிக்கறோம், அழுவறோம். ரெண்டுந்தான்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடலை ஒப்படைத்ததும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். சற்று நேரம் நில்லுங்கள். சிலர் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அவர்களிடம் வலியப் போய்ச் சொல்ல வேண்டாம். யாராவது வந்து கேட்டால் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கேட்கிறவர் எதையோ தாங்கிக்கொண்டுதான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்.